உப்புப் பார்க்க ஒரு ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம்ங்க. உங்கள் தளத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்குச் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர். நானும் அவரும் ஐ.டி.யில் இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு. அப்பா போன பிறகு அம்மா தோட்டத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அண்ணன் குடும்பம் ஈரோட்டில். அம்மாவுக்கு இப்போது வயது 71. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நல்ல திடம்.

வருடத்தில் மூன்று நான்கு மாதம் எங்களோடு வந்து இருப்பார். வரும்போது கையில் இரண்டு கட்டைப்பை. செக்கில் ஆட்டின கடலை எண்ணெய், கொள்ளு, தட்டப்பயிறு, சின்ன வெங்காயம், பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் செலவு ரசம் வைக்க நாட்டு மருந்துக் கடைச் சாமான். முருங்கைக்கீரை கசங்கிவிடும் என்று ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு எப்படிச் செய்தாரோ அதே மாதிரிதான் இன்று என் பிள்ளைகளுக்கும். அம்மாவின் பாசத்துக்கு வயசே ஆகாதுங்க்கா. இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

ஒரே ஒரு குறை, இப்போதெல்லாம் உப்புக் கூடிப் போகிறது. ஊருக்குப் போயிருக்கும்போது அவ்வளவாகத் தெரியவில்லை, இங்கே வந்து சமைத்தால் அரிசிம்பருப்பை வாயில் வைக்க முடியவில்லை. "அமுச்சி சோறு உப்பு" என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் இந்தத் தடவை, நான் பார்த்துக்கிறேன், நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சரி, அது போகட்டும்.

என் கேள்வி இதுதான். அம்மாவின் சமையல் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட ஆசைப்படுகிறேன். நூற்றாண்டுப் பாரம்பரியம், நம்மோடு போய்விடக் கூடாது. ஆனால் அளவு கேட்டால் "ஒரு கை" என்கிறார், "கண்ணளவு" என்கிறார். எப்படி எழுதுவது? அவரை வைத்து ஒரு யூடியூப் சேனல் தொடங்கலாமா? கிரைண்டர் மாவில் அந்தக் காலத்து ஆட்டாங்கல் இட்லியின் ருசி வரவே மாட்டேன் என்கிறதே, அது ஏன்? அப்புறம், அம்மா எல்லாவற்றையும் மகள் வீட்டுக்கே செய்கிறார் என்று எங்கள் நங்கையாவுக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, ஒரு வருத்தம். இதை எப்படிச் சமாளிப்பது?

பெயர் வேண்டாம், பெங்களூர்

*

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கேள்விகளை அப்புறம் பார்க்கலாம். "சரி, அது போகட்டும்" என்று ஒரு இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி ரசம் வைத்திருந்தேன். மருமகள் ஒரு வாய் குடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஃபிளாஸ்க்கை எடுத்துவந்து தன் டம்ளரில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினாள், பேரனுடையதில் கொஞ்சம், என் மகனுடையதில் கொஞ்சம். மூன்று பேரும் டி.வி.யைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்கள். நல்ல பெண், என் மனசு நோகக் கூடாது என்றுதான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எதைப் போட்டாலும் "ம்"தான், அந்த நாக்கை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. எனக்கோ அந்த ரசம் சரியாகவே இருந்தது. அதுதான் அன்றைக்கிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது அம்மிணி.

பாசத்துக்கு வயசாகாது என்கிறீர்கள். ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். மூக்குக்கு ஆகும்.

ருசி ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடைய வேலை. நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று ஒரு சிலதுதான். இது கொள்ளு, இது தட்டப்பயிறு என்று பிரித்துச் சொல்வது மூக்கு. சளி பிடித்த நாளில் எதைத் தின்றாலும் ஒன்றுபோல இருப்பது அதனால்தான். 2020, 2021-இல் கொரோனா வந்து வாசனை போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, காப்பியும் வெந்நீரும் ஒன்றாக இருந்த கதையை அவர்களே சொல்வார்கள். வயது ஏற ஏற மூக்கின் கூர்மை மங்கும், அறுபது எழுபதுக்கு மேல் நன்றாகவே மங்கும். நாக்குக்கும் உப்பு முன்பு போலச் சட்டென்று எட்டாது. பிரஷர் மாத்திரைகளிலும் சில ருசியை மாற்றக்கூடியவை. கண்ணுக்குப் புரை விழுந்தால் ஊரே கூடி அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறோம், காது மந்தமானால் மிஷின் வாங்கி மாட்டுகிறோம். மூக்கு மங்கினால் மட்டும் "கைப்பக்குவம் போயிருச்சு" என்று பின்னால் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் மூக்குக்குப் போவதற்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஊரில் அவ்வளவாகத் தெரியவில்லை, பெங்களூரில்தான் கரிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு யோசிக்காமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டில் என்ன உப்பு? பாக்கெட்டில் வருகிற தூள் உப்பாகத்தான் இருக்கும். தோட்டத்து வீட்டில் சாடியில் இருப்பது கல் உப்பு. ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் கல் உப்பு இடைவெளி விட்டு உட்காரும், எடை குறைவாகத்தான் நிற்கும். வாழ்நாள் முழுக்கக் கல் உப்பை அள்ளிப் பழகின கை அது. அந்தக் கையில் தூள் உப்பைக் கொடுத்தால் அதே அளவு அள்ளும், குழம்பில் விழுவது கூடுதலாக இருக்கும். அது போக, அரிசிம்பருப்பில்தானே பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள்? அரிசிம்பருப்புக்கு வெங்காயம், பூண்டு, தக்காளி, தேங்காய்ப் பல்லு எல்லாம் வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கும்போதே உப்புப் பார்த்துவிட வேண்டும், அரிசியும் பருப்பும் உள்ளே போய்க் குக்கர் மூடிவிட்டால் அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. குழம்பென்றால் கடைசியில்கூடத் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டலாம், இதில் வழி இல்லை. ஆக, தப்புத் தெரிகிற சாப்பாட்டில் தப்பு நடந்திருக்கிறது. முதல் வேலையாக ஒரு கிலோ கல் உப்பு வாங்கி அடுப்பங்கரையில் வையுங்கள், பிறகு அம்மாவைப் பற்றித் தீர்ப்பு எழுதலாம்.

கல் உப்பு வந்த பிறகும் கரித்தால்? அப்போது மூக்குதான். அதைச் சொல்ல எனக்கு என் அம்மாவைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லும் மஞ்சளும் வாழையுமாக எந்நேரமும் ஆள் புழங்குகிற தோட்டம், ஒறம்பரை வராத வாரம் கிடையாது. அம்மா சமைக்கும்போது ஒரு தடவைகூட எதையும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. ஆக்குகிறவள் முதலில் நக்கிப் பார்த்தால் அது எச்சில், அதைச் சாமிக்கும் வைக்க முடியாது, வந்தவருக்கும் போட முடியாது என்பது அவர் கணக்கு. குழம்பு கொதி வரும்போது சட்டியை நோக்கி ஒரு தரம் குனிவார், புடவைத் தலைப்பால் ஆவியை முகத்துப் பக்கம் விசிறிவிட்டுக்கொள்வார், "உப்புப் பத்தலை" என்பார். பத்தியிருக்காது. உப்புக்கேது வாசனை என்று நான் காலேஜில் படிக்கிற திமிரில் கேட்டதுண்டு. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது: உப்புக்கு வாசனை கிடையாது, ஆனால் உப்புச் சேர்ந்த தண்ணீரிலிருந்து மற்ற வாசனைகள் கூடுதலாகக் கிளம்பும். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது, மூக்கு தெரியும். இப்படி மூக்காலேயே ஆக்கிப் பழகினவருக்கு அந்த மூக்கு மங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாக்கை வைத்துப் பார்த்துச் சமைக்கிறவர்களாவது ஒருவிதமாக ஓட்டிவிடலாம், இவருக்கு ஒரே கருவி அதுதான்.

எழுபது வாக்கில் ஆரம்பித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகும், பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். முதல் நாள் குழம்பு நொந்து போயிருக்கும், சூடு பண்ணி ஊற்றிவிடுவார். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "அம்மாவுக்கு மறதி" என்றார்கள். மறதியாவது ஒன்றாவது, எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை மஞ்சள், அதில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அப்போதும் ஒப்பிப்பார். அண்ணன் சம்சாரம், எங்கள் நங்கையா, சண்டை போடுகிற ஆள் இல்லை. உங்களைப் போலத்தான், "நீங்க சும்மா உக்காருங்க அத்தை" என்று தன்மையாகச் சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டார். சும்மா உட்கார்ந்தால் வெசனப்படுவார் என்று சின்ன வெங்காயம் உரிக்கிற வேலையைக் கொடுத்தார். வெங்காயம் உரிப்பது வேலைதான். ஆனால் வீட்டையே ஆக்கிப் போட்டு ஆண்டவரைத் திண்ணையில் முறத்தோடு உட்காரவைத்துவிட்டு, அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தால் அவருக்குத் தெரியாதா? அம்மாவுக்குப் பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ரவிக்கை தொளதொளவென்று ஆனது. மூக்குப் போனவர்களுக்குப் பசியும் போகும், அதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

நங்கையாவின் அம்மா வீட்டில் ஒரு சாவு. நாலைந்து நாள் அவர் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. சமைக்க வேறு ஆளில்லை, அம்மாதான் அடுப்பைப் பற்றவைத்தார். தட்டப்பயிறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. கொதி வந்ததும் குனிந்தார், விசிறிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி குனிந்தார். பிறகு வாசலைப் பார்த்து அண்ணன் மகனைக் கூப்பிட்டார். அப்போது அவன் இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தான். "ஏஞ்சாமி, சித்த இங்க வா. கையை நீட்டு." கரண்டி நுனியால் குழம்பில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி ஆற்றி, அவன் உள்ளங்கையில் விட்டார். "உப்புப் பாரு." அவன் நக்கிப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி மேலே பார்த்து யோசித்து, "இன்னும் ரெண்டு கல்லு போடுங்காத்தா" என்றான். அம்மா எண்ணி இரண்டு கல் போட்டார். மறுபடி ஒரு சொட்டு. "செரி" என்றான். அதுவரை குழம்பு இறக்கப்படவில்லை.

யாருக்கும் எச்சில் வைக்காத அம்மா, எச்சில் பண்ண ஒரு ஆளையே நியமித்துக்கொண்டார். குழந்தை வாய் எச்சில் ஆகாது என்று அதற்கும் ஒரு சட்டம் அவரே போட்டுக்கொண்டார். நங்கையா திரும்பி வந்த பிறகு கரண்டி முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை, அப்படியெல்லாம் நடந்தால் அது கதை. பகல் குழம்பு மட்டும் அம்மாவுடையது, ராத்திரிச் சாப்பாடு நங்கையாவுடையது என்று பேசாமலேயே ஒரு ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூட நாளில் பையன் போகிறதுக்கு முன்னால் குழம்பு கொதித்தாக வேண்டும் என்பதற்காக அம்மா விடியக்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டினார். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் சாயப் பட்டறைக்காரர்களிடம் கலர் ஒரு சொட்டுக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சண்டை பிடித்துப் பிழைக்கிறான். ஆத்தா கொடுத்த பயிற்சி என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

எனக்கு ரொம்ப நாள் புரியாத ஒன்று அம்மாவுடைய சொந்த வட்டல். எங்களுக்கெல்லாம் போட்டு முடித்தபின் அவர் மோருஞ்சோறு பிசைந்துகொள்வார், கூட ஒரு பச்சை மிளகாய், வாய்க்கு வாய் கடித்துக்கொள்வார். "ஆத்தாவுக்குக் காரமே உறைக்காது" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். குழம்பு இருக்குதே, ஊத்திக்கங்கம்மா என்றால், "எனக்கென்ன, மோருஞ்சோறு போதும்" என்பார். தியாகம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அம்மாக்கள் எதைச் செய்தாலும் அந்த ஒரு முத்திரையைக் குத்திவிடுவது நமக்குச் சௌகரியம். மிளகாயின் எரிச்சலைச் சொல்வது மூக்கு நரம்பு இல்லை, முகத்துக்கு வருகிற வேறொரு நரம்பு. வாசனை போனவர்களுக்கும் அது எட்டும். அம்மாவுக்குச் சாப்பாட்டில் மிச்சமிருந்தது அந்த எரிச்சல் ஒன்றுதான். அவர் ஆக்கின தட்டப்பயிறு குழம்பு அவருக்கு வெறும் சூடான தண்ணீர். அதை அத்தனை வருடம் நினைவிலிருந்தே கூட்டி வைத்து, பேரன் நாக்கைக் கடன் வாங்கி, எங்களுக்கு ஊற்றிவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார்: "வாய்க்கு நல்லா இருந்துச்சா கண்ணு?" ஏதோ பாராட்டுக்கு அலைகிறார் என்று அப்போது எரிச்சலாகக்கூட இருக்கும் வீட்டில் சிலருக்கு. அவருக்கு வேறு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும்.

இப்போது உங்கள் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தூக்காமல் என்ன செய்வார்? இரண்டு கட்டைப்பை சுமந்து வந்த ஆளை சோபாவில் உட்காரவைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் பழமை பேசக்கூட ஒரு ஆள் கிடையாது. பேச்சு மொழி வேறு. இறங்கிப் போய் நாலு பேரைப் பார்க்க லிஃப்ட் பட்டன் வேறு. அடுப்பும் இல்லை என்றால் பெங்களூரில் அவருக்கு என்னதான் இருக்கிறது?

அதற்காக அம்மாக்கள் எல்லோரும் அடுப்போடு ஒட்டிக்கொண்டே சாக வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பெரியம்மா ஒருத்தர், அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், "இனி நீங்களே ஆக்கிப் போடுங்க, எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பிப் போனவர். கடைசிவரை அடுப்பைத் தொடவில்லை. பேரப் பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர், அவருக்கும் அவர்கள் மேல் உயிர். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தால்தான் அமுச்சி என்று எந்தச் சட்டமும் இல்லை. விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. நீங்கள் கேட்கவே இல்லை. பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள், உடனே பதவியைப் பறித்துவிட்டீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கோபத்தோடு கோபமாக இன்னொன்று. முழுக் கடிதத்திலும் உங்கள் வீட்டுக்காரர் "அவரும் ஐ.டி." என்று ஒரு தடவை வந்ததோடு சரி. அம்மா சமைத்தார், இப்போது நான் சமைக்கிறேன் என்கிறீர்கள், அவர் எங்கே? 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அம்மாவுக்கு ரெஸ்ட் கொடுக்க வேண்டுமென்று நிஜமாகவே தோன்றினால் முதலில் அந்த 88-இல் கையை வையுங்கள்.

மற்றக் கேள்விகள். ஆட்டாங்கல் இட்லி: அந்த ஏக்கத்தை விடுங்கள். 1955-இலேயே கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவாட்டக் கிரைண்டர் செய்துவிட்டார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்பது என் அம்மாவின் கருத்து, தோள்பட்டை தேய ஆட்டினவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். நூற்றாண்டுப் பாரம்பரியம்: உங்கள் பக்கத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் வந்ததே 1950-களில்தான். அதற்கு முன்னால் மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும்தான், நெல்லஞ்சோறு நோம்பிக்குத்தான். உங்கள் அமுச்சி கம்பு இடித்துக் கம்மஞ்சோறு ஆக்கினவர், உங்கள் அம்மா அரிசிக்கு மாறினவர், நீங்கள் ஓட்ஸ் கிண்டுகிறீர்கள். இதில் எந்த வருடத்தை எழுதி வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நங்கையா வருத்தம்: அது உங்கள் அண்ணன் பாடு.

அளவு விஷயம் உண்மையிலேயே நல்ல கேள்வி. அம்மாவிடம் கேட்காதீர்கள், கேட்டால் "ஒரு கை"தான். ஆன்லைனில் கிராம் காட்டுகிற சின்னத் தராசு கிடைக்கும். சமைப்பதற்கு முன் உப்புச் சாடி, மிளகாய்ப்பொடி டப்பா, மல்லிப்பொடி டப்பா, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் இஷ்டத்துக்கு அள்ளிச் சமைக்கட்டும், முடிந்ததும் திரும்ப எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. ஒரே சாப்பாட்டுக்கு நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அவர் கை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இப்போது நீங்கள் எடுக்கிற உப்பளவு அம்மாவின் 71 வயது மூக்கும் நாக்கும் சொல்கிற அளவு. அதை அப்படியே புத்தகத்தில் ஏற்றினால் உங்கள் சின்ன வயசுச் சாப்பாடு அதில் இருக்காது. அதனால் உப்பை மட்டும் கடைசியில் உங்கள் பெரிய பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவன் சரி என்ற பிறகு சாடியை எடை போடுங்கள். அம்மாவுக்கும் பிரஷர் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், தெரியாமலேயே கூடப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அவரும்தானே.

சேனல் பற்றி அவரிடம் கேட்டீர்களா? கேட்டால் முதலில் வேண்டாம் என்பார், அப்புறம் எந்தச் சேலை கட்டுவது என்பார். அது உங்கள் இரண்டு பேருக்குள்.

சேனலுக்கு முன்னால் ஒரு நாள் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பிள்ளைகளை வைத்து விளையாட்டாகவே காப்பிப்பொடி, பெருங்காயம், மல்லித்தழை என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கில் சதை வளர்ந்திருந்தால் சரிசெய்துவிடலாம். வயசுதான் காரணம் என்றால் அதுவும் தெரிந்துபோகும். சில சமயம் பார்க்கின்சன் மாதிரியான நோய்களில் கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே மூக்கு போகும், அதனாலும் காட்டுவது நல்லது. தோட்டத்தில் தனியாக இருக்கிறார் என்கிறீர்கள், கேஸ் அடுப்பாகத்தான் இருக்கும். கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாறுகிற பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். மூக்கு மங்கினவருக்கு அந்த நாற்றமும் எட்டாது. அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் கேஸ் கசிந்தால் சத்தம் போடுகிற அலாரம் ஒன்று வாங்கி, உங்கள் அண்ணனை விட்டு அடுப்பங்கரையில் தரையை ஒட்டின உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள், கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும்.